தண்ணி ஊத்தினது ஆர்?

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கு பல வருடங்களாக இழுபடுகிறது. காணி வழக்கென்றால் கோட்டுக்குப் போயாவது ஒரு முடிவைக் கண்டிருக்கலாம். இது ஞானஸ்நான வழக்கு. பெரியம்மாவின் மூத்த மகன், என் அண்ணை, நான் வாங்கிய ஞானஸ்நானம் செல்லாது என்கிறார். நான் செல்லும் என்கிறேன். கலியாண வீடோ செத்த வீடோ, எங்கே கண்டாலும் சாப்பாட்டுக் கோப்பையோடு பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து, "தங்கச்சி, அந்த விசயம் யோசிச்சனியோ?" என்று தொடங்குவார். கோபமாகச் சொன்னால் நானும் கோபப்பட்டு எழும்பிப் போய்விடலாம். அவர் அக்கறையில் சொல்கிறார். நான் நரகத்துக்குப் போய்விடுவேனோ என்று உண்மையாகவே பயப்படுகிறார். அப்படிப் பயப்படுகிற ஒருவரோடு சண்டை பிடிப்பது லேசில்லை.

அண்ணையும் என்னைப் போல யாழ்ப்பாணத்துச் சில்லாலை ஊரின் கத்தோலிக்கப் பிள்ளைதான். ஒரே கோவிலில், ஒரே தொட்டியடியில் இருவருக்கும் பெயர் பதிவானது. புதுநன்மை, உறுதிபூசுதல் எல்லாம் எடுத்தவர், சின்ன வயதில் பீடத்தில் பூசை உதவி செய்தவர். பிறகு வன்னி. 2009இல் யுத்தம் முடிய, செட்டிகுளம் அகதி முகாமுக்கு அவர் வந்து சேர்ந்தபோது கூடப் போன எல்லோரும் வரவில்லை. யாழ்ப்பாணம் திரும்பிய பின்னர் குடிதான் அவருக்கு வேலை. பெரியம்மா வேண்டாத கோவில் இல்லை. கடைசியில் அவரைப் பிடித்து இழுத்தது ஒரு சபை. ஞாயிறு தவறாமல் வந்து, வாந்தி எடுத்த சேர்ட்டோடு கிடந்தவரைக் குளிக்க வார்த்து, சோறு கொடுத்து, கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் பங்கில் இருந்து யாரும் அப்படி வரவில்லை. அண்ணை குடியை விட்டார். கொஞ்சக் காலத்தில் சாட்டிக் கடலில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். இன்றுவரை ஒரு சொட்டுத் தொடவில்லை. இதைச் சொல்லாமல் அவருடைய வாதத்தை மட்டும் எடுத்து வைத்தால் அது நேர்மை இல்லை.

வாதம் இரண்டு. "தலையில ரெண்டு சொட்டுத் தெளிச்சா அது ஞானஸ்நானமோ?" என்பது ஒன்று. இது எனக்குப் பெரிய விசயமில்லை. ஓடுகிற தண்ணீரில் கொடுங்கள், அது இல்லாவிட்டால் வேறு தண்ணீர், எதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்றுங்கள் என்று ஆதிச் சபையின் 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை'யே இடம் விட்டிருக்கிறது. கத்தோலிக்கச் சடங்கும் முழுக்கை மறுக்கவில்லை. இரண்டாவதுதான் முள். "நீ கேட்டு எடுத்ததோ? கைக்குழந்தைக்கு என்ன விசுவாசம்? முதல்ல விசுவாசம், பேந்து தண்ணி. மாற்கு பதினாறு பதினாறை எடுத்துப் பார்." எடுத்துப் பார்த்தால் அவர் சொன்ன ஒழுங்கில்தான் இருக்கிறது. பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலன் தன் வீட்டார் எல்லோரோடும் ஞானஸ்நானம் பெற்றானே, அந்த வீட்டில் குழந்தை இருந்திருக்காதா என்று நான் கேட்பேன். "இருந்தது எண்டு எழுதியிருக்கோ?" என்பார். இல்லை. இப்படியே போகும், பாயாசம் வரும்வரை.

தோம்பில் ஏறிய பெயர்கள்

அண்ணையின் பக்கம் நியாயம் உண்டு என்பதை யாழ்ப்பாணத்துச் சரித்திரம் கொஞ்சம் தெரிந்தவர்கள் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மனம் கேட்காமல் தலை மட்டும் நனைந்தால் என்ன நடக்கும் என்று இந்த மண் பார்த்திருக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, கலியாணத்தைப் பதியவும் முதுசத்துக்கு உரிமை கோரவும் அரச உத்தியோகம் பார்க்கவும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. கோவிலோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் தோம்பு, அதாவது பெயர்ப் பதிவேடு, எழுதினார். 1665 வரை இங்கே இருந்த பால்தேயு பாதிரியார், 1672இல் வெளிவந்த தன் நூலில் கோவிற்பற்றுக் கோவிற்பற்றாகப் பள்ளிப் பிள்ளைகளின் தொகையைக் கொடுத்திருக்கிறார். தொகைகள் பெரியவை. வீட்டில் சைவம் வீட்டில் இருந்தபடியே இருந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்து அந்த நெருக்குதல் போனதும் தோம்புக் கிறிஸ்தவமும் போய்விட்டது. 1816இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கண்டது கூரையில்லாத பழைய கோவில் சுவர்களைத்தான்.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கி, வருடக்கணக்காகப் படிப்பித்து, விளங்கிக் கேட்கிறவனுக்கே சபையில் இடம் என்றார்கள். அண்ணைக்குப் பிடித்த ஒழுங்கு. ஆனால் அங்கேயும் பெயர்கள் அமெரிக்க நன்கொடையாளர்களுடையவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் என்று 1857இல் பெயர் எடுத்த இரண்டு யாழ்ப்பாணத்தாரில் ஒருவரான விசுவநாதபிள்ளை, கிறிஸ்தவராகிப் பின்னர் சைவத்துக்கே திரும்பினார். மிஷன் கொடுத்த 'கறல்' என்ற பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் கறல் விசுவநாதபிள்ளைதான். படித்து, விளங்கி, கேட்டு எடுத்தாலும் மனிதர் மனம் மாறும். ஆக, கேட்டு எடுத்தால் நிலைக்கும், கேட்காமல் எடுத்தால் நிலைக்காது என்று யாழ்ப்பாணத்தை வைத்துச் சட்டம் போட ஏலாது.

மறுபக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1544இல் மன்னாரில், பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய ஒரு குருவின் கையால் கடற்கரைச் சனம் ஞானஸ்நானம் பெற்றது. எத்தனை நாள் மறைக்கல்வி படித்திருப்பார்கள்? அதிகம் இருக்காது. யாழ்ப்பாண மன்னன் சங்கிலி படையோடு வந்து அறுநூறு பேரளவில் வெட்டினான் என்பது எங்கள் திருச்சபை வழிவழியாகச் சொல்லிவருகிற கணக்கு. ஆருக்கு விசுவாசம் முற்றியிருந்தது, ஆருக்கு முற்றவில்லை என்று அவன் பிரித்துப் பார்க்கவில்லை. சங்கிலிக்கு அந்த ஞானஸ்நானம் செல்லுபடியானதாகவே பட்டிருக்கிறது. அண்ணையிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்கட ஆக்களுக்கு மட்டும் சாவோ?" என்று கேட்டார். அதுவும் நியாயம். பெரியவர்களான பிறகு இரண்டாம் தரம் ஞானஸ்நானம் எடுத்ததற்காகவும் கொடுத்ததற்காகவும், 1527இல் சூரிச் நகரசபை பீலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கட்டி ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது. கொன்றவர்கள் போப்பாண்டவரின் ஆட்கள்கூட இல்லை, சீர்திருத்தக்காரர்கள். தண்ணீரில் ஆசையா, எடு தண்ணீர் என்ற குரூரம். அண்ணையின் சபைக்கு அந்தப் பரம்பரை தெரியுமோ தெரியாது. எனக்கு அதை வாசித்த அன்றிலிருந்து 'மறுஞானஸ்நானக்காரர்' என்று ஏளனமாகச் சொல்ல வாய் வருவதில்லை.

சாட்டிக் கடல்

அண்ணையின் முழுக்குக்கு எங்கள் பக்கத்தில் இருந்து போனது நானும் பெரியம்மாவும்தான். பெரியம்மா செபமாலையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தா. சாட்டியில் கடல் ஆழமில்லை. கரையில் இருந்து போகிறார்கள், போகிறார்கள், முழங்காலுக்குமேல் தண்ணீர் ஏறவில்லை. வெள்ளைச் சேர்ட்டுப் போட்ட பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நடந்து சின்னதாகிக்கொண்டே போனார்கள். கரையில் மற்றவர்கள் ரம்பூரின் தட்டிப் பாடினார்கள். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் போதகர் அங்கே என்ன சொன்னார் என்று ஒரு சொல்லும் எங்களுக்குக் கேட்கவில்லை. சாதாளை காலில் சுற்றிக்கொண்டது. நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிட்டப் போனேன்.

அண்ணை ஆறடி. இடுப்பளவுத் தண்ணீரில் ஆறடியைப் பின்னால் சாய்த்து முழுக்க அமிழ்த்துவது சும்மா வேலையில்லை. போதகர் ஒரு பக்கமும் இன்னொரு பெடியன் மறுபக்கமும் பிடித்தார்கள். முதல் தரம் அண்ணை விறைத்துப்போய் நின்றுவிட்டார். முதுகை வளைக்கவில்லை. போதகர் காதுக்குள் ஏதோ சொன்னார். இரண்டாம் தரம் சாய்ந்தார். தலை போனது, நெஞ்சு போனது, வலது கை மட்டும் முழங்கையோடு வெளியே நின்றது, எதையோ பிடிக்கப் போகிற மாதிரி. பெடியன் அந்தக் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்தான். பிறகு தூக்கினார்கள். மூக்காலும் வாயாலும் உப்புத்தண்ணி வழிய, அண்ணை குழந்தை மாதிரி அழுதார். முகாமில் இருந்து வந்த பிறகு அவர் அழுது நான் கண்டது அதுதான் முதல் தரம்.

அந்தக் கை எனக்குள் கிடந்தது. அண்ணை தன் சாட்சியைச் சொல்லும்போது, "நான் தீர்மானிச்சன், நான் இறங்கினன், நான் அறிக்கை பண்ணினன்" என்றுதான் சொல்வார். நான் கண்டது வேறு. அவர் செய்தது ஒன்றே ஒன்று, முதுகை விட்டது. மிச்சம் முழுக்க மற்றவர்கள் செய்தது. கடலுக்குள் தானாகப் போய் மூழ்கி எழும்பியிருந்தால் அது கடற்குளிப்பு. அவருடைய சபையும் அதை ஏற்காது. இவ்வளவு 'நான்' போட்டுச் சொல்கிற ஞானஸ்நானத்திலும் ஒரு ஆளின் கைக்குள் போய்க் கிடக்கத்தான் வேண்டியிருக்கிறது. அப்போது எனக்கு என்னுடைய கதை அரைகுறையாகத்தான் தெரியும். நான் பிறந்த உடனே அவசரத்தில் தண்ணீர் ஊற்றினார்கள் என்று மட்டும் அம்மா சொல்லியிருந்தா. ஊற்றினது ஆர் என்று நான் கேட்கவில்லை, அப்பா என்றே நினைத்திருந்தேன்.

மீசாலைப் பள்ளிக்கூடம்

கோவிலில் கலியாண அறிவித்தல் ஓலை வாசிக்கமுதல் ஞானஸ்நானப் பத்திரம் வேண்டும். பழைய பிரதி சரிவராது, புதிதாக எடுத்தது வேண்டும், ஏனென்றால் பெரிய பதிவேட்டில் ஒவ்வொருவருடைய பெயருக்கும் பக்கத்தில் ஓரம் விட்டிருப்பார்கள், உறுதிபூசுதல், கலியாணம், குருப்பட்டம் என்று பின்னால் நடப்பதெல்லாம் அதில் ஏறும். வெளிநாட்டில் கலியாணம் முடித்தாலும் அங்கிருந்து அறிவித்தல் வந்து இங்கே சில்லாலையில் அந்த ஓரத்தில் எழுதுவார்கள். கோவில் அலுவலகத்தில் ஃபாதர் அந்தப் பெரிய புத்தகத்தை மேசையில் விரித்து விரலை ஓட்டினார். 1996 மே மாதப் பக்கங்களில் என் பெயர். ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் மற்ற வரிகளில் எல்லாம் குருவின் பெயர். என் வரியில் ஒரு பெண்ணின் பெயர், கத்தோலிக்கப் பெயர் இல்லை. சுத்தமான சைவப் பெயர். பக்கத்தில் சின்ன எழுத்தில், ஆபத்து வேளையில் கொடுக்கப்பட்டது, மிகுதிச் சடங்குகள் பின்னர் நிறைவேற்றப்பட்டன என்று எழுதியிருந்தது.

அம்மாவிடம் வந்து கேட்டபோது அரிசி களைந்துகொண்டிருந்தவ, நிமிரக்கூட இல்லை. "மிட்வைஃப் அம்மாதான். சொல்லேல்லையே நான்?" என்றா. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னா. 1995 ஐப்பசிக் கடைசியில், இராணுவம் முன்னேறி வர, வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்து கிளம்பியதை எங்கள் ஆட்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. நாவற்குழிப் பாலம், மழை, சைக்கிள் கரியரில் சாமான், அசையாத சனம். அம்மாவுக்கு அப்போது எட்டு மாதம் முடியவில்லை. மீசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், வாங்குகளைச் சேர்த்துப் போட்டு, சீலை கட்டி மறைத்து, நான் பிறந்தேன். அழவில்லை. நிறம் நீலமாக இருந்ததாம். அப்பா டொக்டரைத் தேடிச் சாவகச்சேரிக்குச் சைக்கிளில் போயிருந்தார். அம்மாவால் எழும்ப முடியவில்லை, இரத்தம் நிற்கவில்லை. அம்மா அந்த மிட்வைஃப்பைப் பார்த்து, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுங்கோ என்றா.

அந்த அம்மாவை நான் போய்க் கண்டேன். மீசாலையில் மகளோடு இருக்கிறா. ஓய்வெடுத்துக் கனகாலம். கண் கொஞ்சம் மங்கல், கதை மங்கவில்லை. ஊரில் எத்தனை பிள்ளை பிடித்திருப்பா, என்னை ஞாபகம் இருக்குமோ என்று தயங்கித்தான் போனேன். "சில்லாலைப் பெட்டையோ? பள்ளிக்கூடத்தில பிறந்தது? உன்னை மறப்பனோ, உனக்கெல்லோ நான் சாமியாரா வேலை பாத்தனான்" என்று சிரித்தா. எனக்குத் தேநீர் வந்தது. தட்டில் பனங்கட்டித் துண்டு.

"எனக்கு அந்த வசனம் தெரியாது பிள்ளை. கொம்மாவுக்குக் குரல் வரேல்லை. நான் காதை அவவின்ர வாயடியில கொண்டுபோய்க் கேட்டனான். பிழை விடக்கூடாதெண்டு ரெண்டு தரம் சொல்லச் சொன்னன். கையைக் கழுவினன். சுடுதண்ணிப் போத்திலுக்குள்ள ஆறின தண்ணி கிடந்தது, மூக்குப்பேணியில எடுத்தன். பேர் என்ன போடுறது எண்டு கேட்டன், மரியா எண்டா. பேந்து ஊத்தி ஊத்திச் சொன்னன், பிதா, சுதன், பரிசுத்த ஆவி." மூன்று தரம் ஊற்றினதைக் கையால் காட்டினா. மூன்றாம் தரம் தண்ணீர் மூக்கில் போய் நான் தும்மினேனாம். அதோடு அழத் தொடங்கிவிட்டேனாம். "அது என்ர கெட்டித்தனமோ உங்கட ஆளின்ர கெட்டித்தனமோ தெரியாது" என்றா.

பிறகு குரலைக் குறைத்தா. "கொம்மாவிட்டக் கேக்காம ஒண்டும் செய்தனான். என்ர பேக்குக்க நல்லூர்த் திருநீறு ஒரு சரையில கிடந்தது. அதையும் எடுத்து உன்ர நெத்தியில பூசிட்டன். தண்ணி காயேல்லை, அப்பிடியே அப்பிட்டுது. கொம்மா பாத்தவ. ஒண்டும் சொல்லேல்லை."

ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். திருநீற்றை இல்லை, தண்ணீரை. நீங்கள் நம்பாத ஒன்றை. அவவுக்கு அந்தக் கேள்வி விளங்கவே இல்லை. "கொம்மா கேட்டவ. நீ போயிருந்தா, கேட்டதைச் செய்யாம நான் என்னெண்டு அவவின்ர முகத்தைப் பாக்கிறது?" என்றா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் என்ன வேலை, எவ்வளவு சீதனம் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டா.

திரும்பி வந்து ஃபாதரிடம் திருநீறு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, சட்டம் இதில் வலு தெளிவு என்றார். ஆபத்து வேளையில் யாரும் கொடுக்கலாம். கிறிஸ்தவராக இருக்கவும் தேவையில்லை. 1439இல் புளோரன்ஸ் சங்கமே புறமதத்தவரும் கொடுக்கலாம் என்று எழுதிவிட்டது. வேண்டியது தண்ணீர், திரித்துவத்தின் பெயர், திருச்சபை எதைச் செய்கிறதோ அதைச் செய்கிற எண்ணம். அந்த எண்ணம் அவவுக்கு இருந்ததோ என்று கேட்டேன். தாய் கேட்டதைத் தாய் கேட்டபடியே செய்ய நினைத்தாவே, அதைவிட என்ன வேண்டும் என்றார். பேதுரு கொடுத்தாலும் யூதாஸ் கொடுத்தாலும் கொடுக்கிறவர் கிறிஸ்துவே என்று அகுஸ்தீனார் சொன்னதையும் சேர்த்துக்கொண்டார். அகுஸ்தீனார் அதை வட ஆபிரிக்காவில் ஒரு பெரிய சண்டைக்கு நடுவில் சொன்னவர். கொடுத்தவர் சரியில்லை, ஆகவே கொடுத்தது செல்லாது என்று அங்கே ஒரு கூட்டம் நின்றது.

அந்தக் கூட்டம் எங்கள் வீட்டிலும் இருந்திருக்கிறது. அதை அம்மா கடைசியாகத்தான் சொன்னா. 1996 சித்திரையில் ஊருக்குத் திரும்பிய பிறகு, மிச்சச் சடங்குக்கு என்னைக் கோவிலுக்குக் கொண்டுபோனபோது, அம்மம்மா அப்போதைய பங்குத் தந்தையிடம், எதுக்கும் இன்னொருக்கால் தண்ணி ஊத்திவிடுங்கோ என்று கெஞ்சியிருக்கிறா. அவர் மறுத்துவிட்டார். ஞானஸ்நானம் ஒன்றுதான், சரியாகக் கொடுத்ததை மறுபடி கொடுக்க மாட்டேன் என்றிருக்கிறார். எண்ணெய் பூசி, வெள்ளைத் துணி போட்டு, பாஸ்காத் திரியில் மெழுகுதிரி கொளுத்தி, தண்ணீரை மட்டும் விட்டுவிட்டார். அம்மம்மா அவரோடு வருடக்கணக்காக முகம் கொடுத்துக் கதைக்கவில்லையாம்.

அம்மம்மாவுக்குச் சைவம் பிரச்சினை என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா உதட்டைப் பிதுக்கினா. சைவம் இல்லை. அந்த மிட்வைஃப் என்ன ஆட்கள் என்பதுதான். யாழ்ப்பாணத்தில் தண்ணீர் என்றால் முதலில் கேட்கிற கேள்வி ஆர் கையால் என்பது. ஆர் எந்தக் கிணற்றில் அள்ளலாம், ஆருக்குப் பேணி, ஆருக்குச் சிரட்டை என்று தண்ணீரை வைத்தே ஒரு சமுதாயத்தைக் கட்டியவர்கள் நாங்கள். 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியாரை உள்ளே விடாமல் கோவில் வாசலை மறித்தவர்களைப் பற்றிக் கதைக்கிறோம். எங்கள் தேவாலயங்களுக்குள் எந்தக் காலம்வரை ஆர் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று கிழவிகளைக் கேட்டால் தெரியும். அம்மம்மா செபமாலை தவறாதவ, ஏழைக்கு அரிசி அளந்து கொடுப்பவ. அப்படிப்பட்ட ஆட்களின் வீட்டில் அவ தண்ணி வாங்கிக் குடித்ததில்லை. அவவின் முதல் பேத்திக்கு, மோட்சத்துக்குப் போகிற தண்ணீரே அந்தக் கையால் வந்துவிட்டது.

எனக்கு அப்போதுதான் அண்ணையின் வழக்கு வேறு வடிவில் தெரிந்தது. அண்ணை சாதி பார்க்கிறவர் இல்லை. இதில் அவருடைய சபை எங்கள் பங்கைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அம்மம்மாவும் அவரும் கேட்டது ஒன்றையேதான், இன்னொருக்கால். ஒருவருக்குக் கொடுத்த கை சரியில்லை, மற்றவருக்கு வாங்கிய மனம் சரியில்லை. இரண்டு பேரும் நல்ல கை, நல்ல நேரம், நல்ல மனம் பார்த்துத் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். அப்படித் தெரிந்தெடுக்க முடியாமல் போனதுதான் என் ஞானஸ்நானம். ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள், ஒருத்திக்குக் குரல் இல்லை, மற்றவவுக்கு வசனம் தெரியாது. அந்த இடைவெளியில் நான் கிடந்தேன். என் பங்குக்கு நான் செய்தது ஒரு தும்மல். ஒல்லாந்தர் கால ஞானஸ்நானத்தைப் பற்றி அண்ணை சொல்வதை நான் இன்றும் மறுக்க மாட்டேன், அங்கே கொடுத்தவனுக்குக் காணிக் கணக்கு, வாங்கினவனுக்கு முதுசக் கணக்கு. மீசாலையில் ஆருக்கும் ஒரு கணக்கும் இருக்கவில்லை. குருமாரே இல்லாமல் சில்லாலையார் தாக்குப்பிடித்த காலம் ஒன்று உண்டு, புரட்டஸ்தாந்தரான ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்திய 1658க்குப் பிறகு, 1687இல் யோசேப் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து பின்னர் எங்கள் ஊருக்குள் ஒளித்து இருக்கும்வரை. 2015இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது ஊரே திருவிழாக் கொண்டாடியது. அந்த இடைப்பட்ட வருடங்களில் பிறந்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் வார்த்தவர்களுக்கு ஆரும் பட்டம் கொடுக்கவில்லை. அவர்களின் கையையும் ஆரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த வைகாசியில் என் மகளுக்கு ஞானஸ்நானம். அந்த மிட்வைஃப் அம்மாவை ஞானத்தாயாகக் கேட்க ஆசைப்பட்டேன். முடியாது. ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுக்க யாரும் போதும், ஆனால் ஞானத்தாயாக நிற்க உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கர்தான் வேண்டும் என்று ஃபாதர் சட்டத்தைக் காட்டினார். எனக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை, சொல்லிவிட்டேன். அவரும் கேட்டுக்கொண்டார், மாற்றுவதற்கு அவர் ஆளில்லை. அந்த அம்மா எப்படியும் வருகிறாவாம். முன் வாங்கில் இருத்தச் சொல்லியிருக்கிறேன். பேக்குக்குள் சரை கொண்டு வருவாவோ என்று அம்மாவுக்கு இப்போதே யோசனை. கொண்டுவந்தால் வரட்டும்.

அண்ணைக்கும் சொன்னேன். வருவேன், ஆனால் வெளியில் மாமரத்துக்குக் கீழேதான் நிற்பேன், உள்ளே நடப்பதற்கு ஆமென் சொல்ல மாட்டேன் என்றார். சாப்பாட்டுக்கு நில்லுங்கோ என்றேன். அதற்குப் பிரச்சினை இல்லையாம். பிறகு, விட மாட்டாரே, "நாளைக்கு உன்ர மகள் வளந்து, விளங்கி, தனக்கு முழுக்குத்தான் வேணும் எண்டு என்னட்ட வந்து நிண்டா என்ன செய்வாய்?" என்று கேட்டார். சாட்டிக்கு நானே ஓட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவேன், ஆனால் அது இரண்டாம் தரம் என்று அங்கே கரையில் நின்றும் சொல்லுவேன் என்றேன். "காத்து எதிர்ப்பக்கம் அடிக்கும், ஒருத்தருக்கும் கேக்காது" என்றார் அண்ணை.